பெட்டிக்குள் ஒரு தொண்டை

ஒரு ரயில் பெட்டியை 87 மடங்கு சிறிதாக்க முடியும். அதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. நம் ஐ.சி.எஃப். பெட்டி 21 மீட்டர் சொச்சம் நீளம். 87-ஆல் வகுத்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஜன்னல் கம்பி, படிக்கட்டு, கைப்பிடி என்று எல்லாவற்றையும் அதே கணக்கில் வகுத்துக்கொண்டே போகலாம். உலகம் முழுக்க மாடல் ரயில் பைத்தியங்களிடம் அதிகம் புழங்குகிற அளவு இதுதான். எச்.ஓ. என்று பெயர்.

சத்தத்தை என்ன செய்வது?

நீராவி இன்ஜினின் ஊதலை 87 மடங்கு சிறிதாக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். குழல் குட்டையானால் சுருதி ஏறும். புல்லாங்குழல்காரரைக் கேட்டால் சொல்வார். நிஜ ஊதல் விநாடிக்கு 400 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், அதில் 87-ல் ஒரு பங்கு நீளமுள்ள ஊதல் 34,800 அதிர்வில் கத்தும். மனிதக் காதின் எல்லை 20,000. பக்கத்துத் தெரு நாய் வேண்டுமானால் தலையைத் தூக்கிப் பார்க்கும். நமக்கு ஒன்றும் கேட்காது.

அதனால் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோருமே ஒரு காரியம் செய்கிறார்கள். வண்டியைச் சிறிதாக்குகிறார்கள், குரலை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். வால்யூமை மட்டும் குறைக்கிறார்கள். சாண் நீள வண்டிக்குள் இருந்து நூறு டன் இன்ஜின் பேசுகிறது. பி.காம். படித்தவன் புத்தி இங்கே சும்மா இருக்காது. கண்ணுக்கு ஒரு பேரேடு, காதுக்கு ஒரு பேரேடு! இரண்டு கணக்கு எழுதும் வியாபாரியை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்?

விளையாட்டாக ஆரம்பித்த கேள்வி இது. ஆனால் அத்தனை சுலபமாக என்னை விட்டுப் போகவில்லை. காரணம், கள்ளக்குறிச்சியில் இருக்கும் ஓர் அண்ணன்.

ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பார்த்தே இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். டேப் ரெக்கார்டர் செத்தது, பிறகு பழைய டி.வி.யும் செத்தது, கடையை மூடினார். கை சும்மா இருக்குமா? சிங்கப்பூர் மருமகன் ஒருமுறை வாங்கிவந்த எச்.ஓ. ரயில் செட்டைப் பிடித்துக்கொண்டார். கள்ளக்குறிச்சிக்காரருக்கு ரயில் பைத்தியம் வந்ததே ஒரு வேடிக்கை. 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகராகிவிட்ட ஊர். ஆனால் ரயிலேற வேண்டும் என்றால் பஸ் பிடித்துச் சின்னசேலம் போவதுதான் தலைமுறை தலைமுறையாக வழக்கம். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு 16 கிலோமீட்டர் சொச்சத்தில் ஒரு பாதை போட 2000-களில் முடிவானது. அப்போது பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதை எட்டுகிற அளவுக்கு அந்தக் கதை இழுத்தது.

"ரயில் இல்லாத ஊர்க்காரனுக்குத்தான் தம்பி ரயில்மேல ஆசை வரும். தண்டவாளத்துக்குப் பக்கத்துல குடியிருக்கறவன் தூக்கம் கெடுதுன்னுதான் சொல்லுவான்" என்பார்.

அவரிடம் இருந்தது ஒரு சின்ன இன்ஜின். பின்னால் நிலக்கரிப் பெட்டி இல்லாத ரகம். மோட்டாரும் பல்சக்கரமும் போக உள்ளே ஒரு பட்டாணிக்குக்கூட இடமில்லை. அதற்குக் குரல் கொடுக்க வேண்டும். என்ன செய்தார்? இன்ஜினுக்கு அடுத்த பெட்டியில் குரலை வைத்தார். இது அவர் கண்டுபிடிப்பு இல்லை. இடம் இல்லாத இன்ஜின்களுக்கு உலகம் முழுக்கச் செய்கிற வேலைதான்.

வேலையை உட்கார்ந்து பார்த்தேன். தண்டவாளத்திலேயே 14, 15 வோல்ட் ஓடுகிறது. அதே மின்சாரத்துக்குள் 'ஊது', 'நில்', 'விளக்குப் போடு' என்கிற கட்டளைகளும் சங்கேதமாகப் போகின்றன. பெட்டியின் சக்கரங்களில் மெல்லிய தகட்டை உரசவிட்டு அந்த மின்சாரத்தை உள்ளே எடுக்கிறார். கட்டைவிரல் நகம் அளவு ஒரு சர்க்யூட், டீகோடர் என்று பெயர், கட்டளையைப் படித்துப் பதிவு செய்த ஓசையை எடுத்து விடுகிறது. ஸ்பீக்கர் சர்க்கரைக் கட்டி அளவு. அதை வெறுமனே ஒட்டினால் கொசு ரீங்காரம்தான் வரும். ஸ்பீக்கர் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதனால் பின்னால் காற்றுப் புகாத ஒரு குட்டி டப்பா கட்டி இரண்டையும் பிரிக்க வேண்டும். ஒரு இழை சந்து இருந்தாலும் குரல் இளைத்துவிடும் என்று பசையைத் தடவித் தடவி அடைத்தார். தண்டவாளத்தில் தூசு இருந்தால் மின்சாரம் விட்டு விட்டு வரும், ரயிலுக்கு விக்கல் எடுக்கும். அதற்கு ஒரு கெப்பாசிட்டர்.

கடைசியாகக் கஷ்டமான வேலை. நிஜ நீராவி இன்ஜினில் இரண்டு சிலிண்டர் இருந்தால், பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்ற நாலு 'குப்' வரும். பெட்டியின் அச்சில் பொடிக் காந்தம் ஒட்டி, அது சுற்றுவதை எண்ணவைத்து, இன்ஜின் சக்கரத்துக்கும் பெட்டிச் சக்கரத்துக்கும் விகிதம் போட்டு, நாலுக்கு நாலு சரியாக விழச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வாயசைப்பு பொருந்தாத டப்பிங் படம் மாதிரி இருக்கும்.

டப்பிங் என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. இன்ஜின் வாயசைக்கிறது, பின்னால் இருக்கும் பெட்டி பாடுகிறது. நாம் அறுபது, எழுபது வருஷமாகக் கொண்டாடுகிற பின்னணிப் பாட்டு இதுதானே! எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.எஸ். பாடினார் என்று தெரிந்துதான் விசில் அடித்தோம். யாரும் ஏமாந்ததாகப் புகார் சொல்லவில்லை. ஆனால் ஆரம்பத்தில் கதை அப்படி இல்லை. 1949-ல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு இசைத்தட்டில் பாடியவர் பெயராக அச்சாகியிருந்தது 'காமினி'. அது மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர். பாடியது லதா மங்கேஷ்கர். பாத்திரமே பாடிவிட்டதாம்! பாடகர்களின் பெயர் அச்சேறியது அதற்குப் பிறகுதான் வழக்கமானது. பாட்டில் ஒரு ஸ்வரம் மாறவில்லை. மாறியது லேபிள் மட்டும். ஆனால் அதற்கு முன்னால் நடந்தது மறைப்பு, பின்னால் நடந்தது கலை.

ஆடிட்டர்கள் கையெழுத்துப் போடும்போது கணக்கு அப்பட்டமான சத்தியம் என்று எழுதுவதில்லை. 'உண்மையும் நியாயமுமான தோற்றம்' தருகிறது என்றுதான் எழுதுவார்கள். கூடவே பின்பக்கங்களில் குறிப்புகள் வரும். சரக்கிருப்பை எந்த முறையில் மதிப்பிட்டோம், தேய்மானம் எந்த முறையில் போட்டோம் என்று. முறை மாறினால் லாபம் மாறும். அது குற்றமில்லை. எந்த முறை என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றம். இரண்டு பேரேடு எழுதும் வியாபாரியின் பாவமும் ஒரு பேரேட்டை ஒளித்துவைப்பதில்தான் இருக்கிறது.

சரி, சொல்லிவிட்டால் போதுமா? எல்லாப் போலிச் சத்தமும் நல்ல சத்தம் ஆகிவிடுமா?

கோயில்களில் ஒரு மெஷின் பார்த்திருப்பீர்கள். தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் சுற்றி, முரசை அடித்து, மணியை ஆட்டி, தாளத்தைத் தட்டும். அதில் ஒளிவுமறைவே கிடையாது. நன்கொடையாளர் பெயரோடு கண்ணெதிரே நிற்கிறது. ஆனாலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெருடும். அது நிற்கிற இடத்தில் ஒரு மனிதர் தவிலோடு நின்றிருக்க வேண்டும். 'சின்னக் கோயில் சார், ஒருவேளை பூஜைக்கே உண்டியல் பத்தலை, நாகஸ்வரக்காரருக்கு எங்கே சம்பளம் கொடுக்கறது' என்று அறங்காவலர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வறுமைக்கு வந்த மெஷின்மேல் எனக்குக் கோபம் இல்லை. வசதியான கோயிலிலும் அதுவே அலறும்போதுதான் கோபம். இன்னொரு பக்கம், போலிச் சத்தமே கடமையாகிற இடமும் உண்டு. மின்சாரக் கார் மெதுவாகப் போகும்போது சத்தமே வராது, பார்வையற்றவருக்கு வண்டி வருவது தெரியாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலையிலிருந்து புது மாடல் மின்சாரக் கார்கள் செயற்கையாகச் சத்தம் போட்டாக வேண்டும் என்று சட்டம் வைத்தது.

அண்ணனுடைய ரயில் யார் சோற்றிலும் மண் அள்ளிப் போடவில்லை. சித்தரஞ்சன் தொழிற்சாலை அகலப் பாதைக்குக் கடைசி நீராவி இன்ஜினை 1970-ல் கட்டி முடித்தது. 'அந்திம் சிதாரா' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், கடைசி நட்சத்திரம். மீட்டர் கேஜுக்கான கடைசி இன்ஜின் 1972-ல். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வண்டி போன்ற சில இடங்களைத் தவிர அந்தக் குரல் நாட்டில் இல்லை. சென்னை ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002-ல் திறந்த அருங்காட்சியகத்தில் நிஜ இன்ஜின்கள் வாய்மூடி நிற்கின்றன. புனேயில் பாவ்சாகேப் ஜோஷி உருவாக்கி 1998-ல் திறந்த குட்டி ரயில் அருங்காட்சியகத்தில் பொம்மை ரயில்கள் கூவிக்கொண்டு ஓடுகின்றன. பெரியவர் ஊமை, பேரன் பேசுகிறான்.

இதில் இன்னொரு விசித்திரம். பெட்டியில் அண்ணன் 'தடக் தடக்' என்ற ஓசையையும் சேர்த்திருந்தார். பழைய மீட்டர் கேஜ் தண்டவாளம் ஒரு துண்டு சுமார் 12 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 14 செ.மீ. அந்த இடைவெளிக்கு ஒரு 'தடக்' என்று கணக்குப் போட்டு வைத்தார். நிஜ ரயிலிலோ தண்டவாளங்களை ஒட்டவைத்துக் கிலோமீட்டர் கணக்கில் ஒரே துண்டாக்கிவிட்டார்கள். அந்தத் தாளத்தில் தூங்கிப்போன தலைமுறை நாம். இப்போது அந்தத் தாளம் ரயிலில் இல்லை, பொம்மையில்தான் இருக்கிறது. அசல் மறந்துவிட்டதை நகல் ஞாபகம் வைத்திருக்கிறது.

இங்கேதான் காதுக்கும் கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். சர்க்கரைக் கட்டி அளவு ஸ்பீக்கருக்குக் கீழ்ஸ்தாயி கிடையாது. நீராவி இன்ஜினின் அடிவயிற்று உறுமலில் பெரும்பகுதி அதிலிருந்து வரவே வராது. ஆனாலும் நமக்குக் கேட்கிறது! எப்படி? பாக்கெட் டிரான்சிஸ்டரில் கச்சேரி கேட்டதை நினைத்துப் பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பியை அந்தத் தம்மாத்துண்டு ஸ்பீக்கர் எங்கே கொடுத்தது? மேல் அதிர்வுகளை மட்டும் கொடுத்தது, அடியில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று மூளை கூட்டிக்கொண்டது. நேரில் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இன்னும் ஒருபடி அதிகமாகவே கிடைத்தது. அண்ணனின் பெட்டியிலிருந்து வருவது பாதி ரயில். மீதிப் பாதி நம் ஞாபகத்திலிருந்து வருகிறது.

ஞாபகமே இல்லாதவருக்கு?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறான். அண்ணன் தெருவில் இருக்கும் பள்ளித் தோழனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் பார்க்க வந்தான். அண்ணன் உற்சாகமாகிவிட்டார். ஓட்டினார், ஊதினார். பையன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"சின்னசேலத்துல ரயிலு இப்படிக் கத்தலையே தாத்தா?"

"அது இப்ப ஓடுறதுப்பா. இது அந்தக் காலத்து ரயிலு."

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

"சின்ன வயசுல எத்தனை தடவ கேட்டிருக்கேன்!"

"இதேதானா?"

அண்ணன் 'கிட்டத்தட்ட' என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். ஆனால் அந்த 'இதேதானா' அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஏனென்றால் இதே இல்லை. டீகோடரில் இருந்தது ஏதோ ஒரு வெளிநாட்டு இன்ஜினின் பதிவு. விருத்தாசலம் - சேலம் மீட்டர் கேஜ் வண்டியின் குரல் இல்லை. டீசல் இன்ஜினாக இருந்தாலாவது ஒரு சமாதானம் உண்டு. நம் ஊரில் ஓடிய டபிள்யூ.டி.எம்.-2, ஒய்.டி.எம்.-4 இரண்டுமே அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைப்பு. அந்த இன்ஜினின் அமெரிக்கப் பதிவைப் போட்டால், ஹாரனைத் தவிர, நெருங்கிய சொந்தம் என்று வாதாடலாம். நீராவியில் அந்த வாதம் செல்லாது. ஊதலுக்கு ஊதல் குரல் வேறு.

"எனக்கு வித்தியாசம் தெரியுது தம்பி. நான் ஏமாறல. அந்தப் பையனுக்குத் தெரியாதே. அவனுக்கு இதுதான் முதல் ரயிலு. நாளைக்கு அவன் தன் பிள்ளைக்கு, எங்க சின்னசேலம் ரயிலு இப்படித்தான் கூவுச்சுன்னு சொல்லுவானே!"

பொம்மை ரயிலுக்கா இவ்வளவு என்று நினைப்பீர்கள். நானும் அவரிடம் அப்படித்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தெருப்பக்கம் பார்த்தார். கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியை லேசாகக் கேட்க முடியாது என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. 2024 ஜூனில் இதே ஊரின் கருணாபுரத்திலும் சுற்றிலும் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பலர் தினக்கூலிகள். உள்ளே இருந்தது மெத்தனால். வாசனையிலும் ருசியிலும் அது சாராயத்துக்கு அவ்வளவு நெருக்கம். நாக்கு கண்டுபிடிக்காது. உடம்புக்குள் போய் மாறின பிறகுதான் கண்ணைப் பிடிக்கும், உயிரைப் பிடிக்கும். குடிக்கிறவரிடம் சரிபார்க்கக் கருவி எதுவும் இல்லை. அவர் கையில் இருந்தது விற்றவனின் வாய்வார்த்தை மட்டும்தான்.

அந்தச் சாவுகளையும் இந்தப் பொம்மையையும் ஒரே தராசில் வைக்கவில்லை. வைத்தால் என் கை கூசும். ஒன்றே ஒன்றுதான் பொது. எதிரே இருப்பவரால் சரிபார்க்க முடியும் என்றால் நம் சுமையில் பாதியை அவர் தூக்கிக்கொள்கிறார். மாம்பழத்தை முகர்ந்து பார்க்கிறார், துணியைக் கசக்கிப் பார்க்கிறார். அவரால் முடியாத இடத்தில் முழுச் சுமையும் கொடுக்கிறவன் தலையில்தான். 'அவனுக்கு என்ன தெரியப்போகிறது' என்று நாம் தைரியம் கொள்கிற இடமும் அதுவேதான். சாராயத்தில் அது கொலை. பொம்மையில் ஒரு பையனின் ஞாபகம். அளவு வேறு, வாக்கியம் ஒன்று.

கள்ளக்குறிச்சிக்கு இது புதுப் பாடமும் இல்லை. இங்கே மரத்தில் சிற்பம் செதுக்குகிறவர்கள் பரம்பரை பரம்பரையாக இருக்கிறார்கள். அந்த மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்ததால் உளி கூர்மையாகிவிடாது, மரம் வழவழப்பாகிவிடாது. எந்த ஊர்க் கை செய்தது என்று வாங்குபவருக்குச் சொல்கிற சீட்டு, அவ்வளவுதான். பளபளப்பைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கத் தெரியாத ஆளுக்காகவே அந்தச் சீட்டு.

அண்ணன் என்ன செய்தார் என்று சொல்லிவிடுகிறேன். நல்ல பதிவு கிடைக்கும்வரை பெட்டியை ஊமையாக்கலாமா என்று யோசித்தாராம். மனசு வரவில்லை. ஊதலின் சுருதியைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கண்ணை மூடிக் கேட்டு, மறுபடி இறக்கி, சின்னசேலம் பிளாட்பாரத்தில் அப்பா கையைப் பிடித்து நின்றபோது கேட்டதற்கு நெருங்குகிறதா என்று பத்து நாள் பார்த்திருக்கிறார். பிறகு பெட்டியைக் கவிழ்த்து, அடியில் சக்கரங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினார்.

'புகை ஓசை: வெளிநாட்டு இன்ஜின். நம்ம வண்டி இல்லை.

தடக் தடக்: 12 மீட்டர் தண்டவாளக் கணக்கு.

ஊதல்: ஞாபகத்திலிருந்து.'

அடுத்த முறை அந்தப் பையன் வந்தபோது ரயிலை ஓட்டுவதற்கு முன்னால் பெட்டியைக் கவிழ்த்து அவன் கையில் கொடுத்திருக்கிறார். அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். முதல் இரண்டு வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஞாபகத்திலிருந்துன்னா என்னா தாத்தா?"

அன்றைக்கு ரயில் ஓடவே இல்லையாம். விடுதியில் சாப்பாட்டுக்கு நேரமாகும்வரை சின்னசேலம் ஸ்டேஷன் கதைதான் ஓடியிருக்கிறது.